கிம்மாசில் இறங்கியவன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வந்தவுடன் கைத்தொலைபேசியும் கையுமாக நாற்காலியில் சாய்ந்துவிடுவான். அன்று நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"மாமா, ஒன்னு கேக்கணும். நான் ஆர்மிக்குப் போலாமா?"

அவனுக்கு இருபது வயது. எஸ்.பி.எம். முடித்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் நான்கு வேலை பார்த்துவிட்டான். ஸ்கூடாயில் ஒரு கைத்தொலைபேசிக் கடை, பிறகு மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, அப்புறம் ஒரு கிடங்கு. கடைசியாக எட்டு மாதம் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலை. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டாரை எடுத்தால், கடற்பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்களோடு புகையில் நின்று, வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம் காசுக்கு மூன்று வெள்ளிக்கு மேல் என்பதால் எல்லாரும் பொறுத்துக்கொள்கிறார்கள். இவனால் முடியவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறான்.

"ஏன்டா திடீர்னு?" என்று கேட்டேன்.

"தெரியல மாமா. வேற என்ன செய்றதுன்னு தெரியல. அதான்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நாட்டுக்காக, சீருடைக்காக என்று மனப்பாடமாக எதையாவது சொல்லியிருந்தால் நான் அறிவுரை சொல்லி அனுப்பியிருப்பேன். தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் அவ்வளவு எளிதாக அறிவுரை சொல்ல முடியாது.

அவன் வீட்டில் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. தங்கை முன்பே என்னிடம் தொலைபேசியில் சொன்னாள்: "போகட்டும் அண்ணே. அங்க போனாதான் திருந்துவான்." அவள் கணவர் நேர்மாறாகப் பேசினார்: "நம்மளுக்கு அங்க என்ன மச்சான் இருக்கு? உங்களையே தள்ளிவிட்டானுங்க. இவனை எடுக்கப் போறானுங்களா?"

உங்களையே தள்ளிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் சொல்லப்படும் கதை அது. அந்தக் கதையில் ஒரு குறை இருக்கிறது. அது பொய். சொன்னவன் நான்.

1984-இல் எனக்கும் இருபது வயது. குளுவாங் பக்கம் ஒரு தோட்டம். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை. எஸ்.பி.எம். தேர்வில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வாங்காமல், காலையில் ஒட்டுக்கடை, மாலையில் கோயில் திடல் என்று நான் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது பெரிய அவமானம். ஒரு நாள் தோட்டத்துக் கிராணியிடம் போய் பட்டாளத்துப் படிவத்தை நிரப்பி வாங்கி வந்தார். கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஆள் எடுக்கும் குழு குளுவாங் வந்தபோது, துணைக்கு என் நண்பனும் வந்தான். சும்மா நிற்பானேன் என்று அவனும் வரிசையில் நின்றான். உயரம், எடை, மார்பளவு, கண், பல், தட்டைப் பாதமா என்ற சோதனை, ஓட்டம். இரண்டு பேரும் தேறினோம். சில வாரங்களில் இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. குறிப்பிட்ட தேதியில் போர்ட்டிக்சனில் வந்து சேர வேண்டும்.

அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது தாய்லாந்து எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை முடிந்திருக்கவில்லை. கண்ணிவெடியில் கால் போனவர்களைப் பற்றி அம்மாவும் கேள்விப்பட்டிருந்தார். அந்தச் சண்டை முறைப்படி முடிந்தது 1989 டிசம்பர் 2-இல், ஹாட்ஜாய் உடன்படிக்கையில்தான்.

குளுவாங்கில் இருவரும் ரயில் ஏறினோம். லாபிஸ், சிகாமட் தாண்டி கிம்மாஸ். கிழக்குக்கரைப் பாதை பிரியும் சந்திப்பு என்பதால் வண்டி கொஞ்சம் அதிகமாக நிற்கும். "தேத்தண்ணி வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லி இறங்கினேன். தேநீர் வாங்கப் போகிறவன் துணிப்பையை எடுத்துக்கொண்டு போக மாட்டான். நண்பன் அதைப் பார்த்தான். வண்டி நகர்ந்தபோது சன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனான். கூப்பிடவில்லை.

பயந்துதான் இறங்கினேன். ஆனால் பயம் மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. அந்தப் படிவத்திலிருந்து அந்த ரயில் வரைக்கும், போகிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கிம்மாசில் வண்டி நின்றபோதுதான் முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது.

சிகாமட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வீடு திரும்பினேன். அப்பா வாசலில் நின்றார். "என்னடா ஆச்சு?" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "அங்க மறுபடியும் மெடிக்கல் பாத்தாங்கப்பா. நம்மாளுங்களுக்கு ஒரு இடம்தானாம். அவனை எடுத்துக்கிட்டு என்னை அனுப்பிட்டாங்க."

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நம் பிள்ளை தேறியும் நம்மினம் என்பதால் தள்ளிவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த நாளே ஒட்டுக்கடையில் அதைச் சொன்னார். தோட்டத்தில் இன்னும் இரண்டு பையன்கள் படிவம் வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் போகவில்லை. அதில் ஒருவன் பின்னால் என்னிடமே சொன்னான்: "ஒன்னையே எடுக்கல, என்னை எடுப்பாங்களாண்ணே?" நான் வாயைத் திறக்கவில்லை.

இதை இன்று இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சமூகத்துக்கு உண்மையான குறைகள் இருக்கின்றன. அவற்றைப் பேசத்தான் வேண்டும். அதனால்தான் அந்தக் குறைகளின் பின்னால் என் தனிப்பட்ட பயத்தை ஒளித்துவைத்தது தவறு. உண்மையாகவே தள்ளப்பட்டவன் பேசும்போது அவன் பேச்சின் மதிப்பை என்னைப் போன்றவனின் பொய் குறைத்துவிடுகிறது.

நிலவரம் என்ன என்று தங்கை மகனிடம் பேசினேன். ஆயுதப்படையில் இந்தியர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அதை மறைக்க வேண்டியதில்லை. தரைப்படையில் அரச மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கு மட்டுமே உரியது. அதுவும் உண்மை. ஆனால் ரேஞ்சர் ரெஜிமெண்ட், கவசப்படை, பொறியியல் படை, சமிக்ஞைப் படை, கடற்படை, ஆகாயப்படை எல்லாம் எல்லா இனத்தாருக்கும் திறந்தவை. 1967 டிசம்பரில் நம் கடற்படைக்கு முதல் மலேசியத் தளபதியாக வந்தவர் கே. தனபாலசிங்கம், ஒரு தமிழர். அப்போது அவருக்கு 31 வயது. அதுவரை அந்த நாற்காலியில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகள்தான் இருந்தார்கள். 1955-இல் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தவர், பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே போய் உட்கார்ந்தார்.

"அது அந்தக் காலம் மாமா" என்றான்.

"அந்தக் காலம்தான். ஆனா 'நம்மளுக்கும் பட்டாளத்துக்கும் சம்பந்தமே இல்ல'ன்னு சொல்றாங்க பாரு, அது மட்டும் பொய்" என்றேன்.

சம்பந்தம் இல்லாமல் இல்லை. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் பொறுப்பை ஏற்றபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஜானகி ஆதி நாகப்பன் தம் பதின்ம வயதில், வசதியான வீட்டை விட்டுவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். எதற்குப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2000-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. என் தாத்தாவும் போனார். அவரைக் கேட்டால் சுதந்திரம் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். "தோட்டத்துல இருந்தா சயாம் ரயில் போடப் பிடிச்சிக்கிட்டுப் போயிருவான். அங்க போனா சோறாவது கெடைக்கும்" என்பார். வேறு வழி தெரியாமல் சீருடை போட்டவர்களை வரலாறு நிறையப் பார்த்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கதையைக் கேட்டு முடித்த பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அந்த அங்கிள் இப்ப எங்க மாமா?"

நண்பன் கூலாயில் இருக்கிறான். அடுத்த சனிக்கிழமை இருவரும் போனோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பொறியியல் படையில் 21 ஆண்டு இருந்துவிட்டு 2005-இல் வெளியே வந்தவன். இன்றும் சட்டையை மடித்துக் கொடியில் போடுவதைப் பார்த்தாலே தெரியும்.

பையன் கேட்டான்: "அங்கிள், சேர்ந்தா வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வருமா?"

நண்பன் சிரித்தான். "ஒழுங்கு வரும். காலையில எழுப்பிவிடுவான். சாப்பாடு போடுவான். கட்டில் விரிப்பைச் சுருக்கம் இல்லாம இழுக்கச் சொல்லித்தருவான். ஆறு மாசத்துல ஒன் ஒடம்பை நீயே அடையாளம் கண்டுக்க மாட்டே. ஆனா எதுக்கு வாழணும்னு சொல்லித்தர மாட்டான் தம்பி. அது அவன் வேலை இல்ல."

கொஞ்சம் நிறுத்தி, "நான் நாப்பத்தொரு வயசுல வெளிய வந்தேன். இருவது வயசுல எந்தக் கேள்விக்குப் பயந்து உள்ள போனேனோ, அது கேம் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. இப்ப என்ன செய்யப் போறேன்னு கேட்டுச்சு" என்றான்.

நான் இதை அவன் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன். ஓய்வுக்குப் பின் இரண்டு ஆண்டு பாதுகாவலர் வேலை, பிறகு லோரி ஓட்டினான். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்துவிட்டார்கள். ஓய்வூதியம் வருகிறது. குறை என்று சொல்லவில்லை. "கசப்பான நாளும் உண்டு. அதை மறைக்கல. ஆனா என் கூட்டாளிங்க யாருன்னு நெனைக்கிற? கிளந்தான்காரன், சரவாக் ஈபான், சபா கடசான். ஹரிராயாவுக்கு அவனுங்க வீட்டுக்குப் போவானுங்க, நான் காவலுக்கு நிப்பேன். தீபாவளிக்கு நான் வீட்டுக்கு வருவேன், அவனுங்க நிப்பானுங்க. இன்னிக்கும் கல்யாணம் காட்சின்னா வந்து நிக்கிறானுங்க."

"சண்டைக்குப் போயிருக்கீங்களா அங்கிள்?"

"போகல. ஆனா போகச் சொன்னா போகணும். கையெழுத்துப் போடறப்ப அதையும் சேத்துத்தான் போடறோம்."

அவன் சொன்னதும் எனக்கு 1993 அக்டோபர் நினைவுக்கு வந்தது. சோமாலியாவின் மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்கப் படையினரை மீட்க நம் வீரர்கள் கவச வாகனங்களோடு போனார்கள். மாட் அஸ்னான் அவாங் என்ற நம் வீரர் அதில் உயிரிழந்தார். அன்று நண்பனின் அம்மா பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, படிச்சுச் சொல்லு, இது நம்ம பய இருக்குற எடமா?" அவன் அப்போது கோத்தா கினபாலுவில் இருந்தான். இல்லையம்மா என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார். அந்த ரயிலில் நான் இறங்காமல் இருந்திருந்தால் என் அம்மாவும் இப்படித்தான் யார் வீட்டு வாசலிலாவது நின்றிருப்பார்.

திரும்பும் வழியில் பையனிடம் இரண்டு மூன்று விஷயம் சொன்னேன். வீட்டில் இந்த வயதில் பிள்ளை இருக்கிறவர்களுக்கும் உதவலாம்.

முதலாவது, எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்து என்று படித்துப் பார்க்க வேண்டும். சிப்பாய்களுக்கு 21 ஆண்டு முடித்தால்தான் ஓய்வூதியம். இடையில் வெளியே வந்தால், 1972-இல் தொடங்கிய ஆயுதப்படைச் சேமநிதி வாரியத்தில் சேர்ந்த பணத்தோடு வர வேண்டியதுதான். சேரும்போது திருமணம் ஆகியிருக்கக் கூடாது. காதலியிடம் இதைச் சொல்லியாகிவிட்டதா என்றும் கேட்டேன். சிரித்து மழுப்பினான்.

இரண்டாவது, விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. "உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவன் ஏமாற்றுக்காரன். வேலை இல்லாத பிள்ளையின் அம்மாவைத்தான் இப்படிப்பட்டவர்கள் தேடி வருவார்கள்.

மூன்றாவது, முழுதாகக் குதிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. வேலையில் இருந்துகொண்டே பயிற்சி எடுக்கும் அஸ்கார் வத்தானியா என்ற தொண்டர் படை இருக்கிறது. பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு பாலாப்பேஸ் என்ற சேமப்படை அதிகாரிப் பயிற்சி, இங்கே ஸ்கூடாய் யு.டி.எம்.மிலேயே உண்டு. கடற்படைக்குப் புதிதாகச் சேர்பவர்களுக்கான பயிற்சி மையம் நம் பெங்கெராங் பக்கம் தஞ்சோங் பெங்ஙெலேயில் இருக்கிறது. ஜொகூர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் தூரத்து ஊர்க் கதை இல்லை. 2018-இல் நிறுத்தப்பட்ட தேசிய சேவைப் பயிற்சியும் 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாகத் திரும்பி வந்திருக்கிறது.

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்தக் கேள்வியே கிடையாது. 1967 முதல் சிங்கப்பூரில் பதினெட்டு வயதுப் பையனைச் சட்டமே கூப்பிட்டுக்கொள்கிறது. போகலாமா வேண்டாமா என்று அவன் மாமாவிடம் வந்து கேட்க வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் தண்ணீருக்கு இந்தப் பக்கம் பிறந்த நம் பிள்ளைக்குத் தேர்வு இருக்கிறது. அவனுக்காக அப்பா தேர்ந்தெடுத்தாலும் அம்மா தேர்ந்தெடுத்தாலும் அந்தச் சலுகை வீணாகிறது. திருத்துவதற்கு அனுப்புகிற பட்டறை இல்லை பட்டாளம். அது ஒரு வேலை. நீண்ட ஒப்பந்தமுள்ள, உயிரையும் கேட்கக்கூடிய வேலை. வழி தெரியாத பிள்ளை அதில் சேரலாம், நன்றாகவும் வரலாம். என் நண்பனே சாட்சி. அவன் துணைக்கு வந்தவன்தான், ஆனால் வரிசையில் தானாக நின்றான், கிம்மாசில் தானாக உட்கார்ந்திருந்தான்.

பையனை வீட்டில் விட்டபோது, நானும் உள்ளே போனேன். தங்கையும் அவள் கணவரும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். மெடிக்கல் இல்லை, ஒரு இடம் இல்லை, யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை, நான்தான் இறங்கிவிட்டேன் என்று.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வயித்தெரிச்சல் பட்டாருண்ணே. ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்பக்கூட டாக்டர்கிட்ட சொன்னாரு, எம்மவனை எடுக்காம வுட்டுட்டானுங்கன்னு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் சொல்ல எனக்கு எத்தனையோ மாலைப் பொழுதுகள் கிடைத்தன.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை மகனைப் பார்த்துக் கேட்டாள்: "நீ என்னடா சொல்ற? உனக்குப் போகணுமா?"

அவள் அதை அவனிடம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"இன்னும் தெரியலம்மா. தெரிஞ்சதும் நானே சொல்றேன்" என்றான்.

இரண்டு வாரம் ஆகிறது. விடியற்காலையில் தாமான் திடலில் ஓடுகிறானாம். ஆர்மிக்காகவா, சும்மாவா என்று தங்கை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.